பொட்சுவோலியின் மூன்று தூண்கள்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கத்துக்கு எதிரில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள். வாசலில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். மூடாமல் விட்ட ஓரத்து மூட்டையில் பி.பி.சி. என்ற எழுத்துகள் தெரிகின்றன. போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட் என்பதன் சுருக்கம் அது. போர்ட்லேண்ட் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் உள்ள ஓர் இடம். பொசோலானா என்ற சொல் இத்தாலியில், நேப்பிள்ஸுக்கு மேற்கே கடற்கரையில் இருக்கும் பொட்சுவோலி என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. இன்று அந்த ஊரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இப்படி ஓர் ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை என்று உங்களில் பலர் நினைக்கலாம். ஆனால் அதன் பெயரைச் சுவரில் பூசிக்கொண்டுதான் நம்மில் பலர் குடியிருக்கிறோம்.

தமிழ் வேதாகமம் படிப்பவர்களுக்கு இந்த ஊர் புத்தேயோலி என்ற பழைய பெயரில் தெரியும். கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட பவுல் கப்பலைவிட்டு இறங்கிய துறை அது. அங்கிருந்த சகோதரர்கள் கேட்டுக்கொண்டதற்காக ஏழு நாள் தங்கினார் என்று அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரம் சொல்கிறது.

இத்தாலிக்குப் போகிற நம்மவர்கள் நேப்பிள்ஸில் இறங்கியதும் கிழக்கே பொம்பெயிக்குப் போய்விடுகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். பொம்பெயி பார்க்கவேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. கி.பி. 79-இல் எரிமலை அதைப் புதைத்தது; அத்தோடு அதன் கதை முடிந்தது. அதே நேப்பிள்ஸிலிருந்து மேற்கே அரை மணி நேர ரயில் தூரத்தில், எரிமலையின் வாய்க்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, 2,500 ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிற ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே போகிறவர்கள் குறைவு. உங்களில் யாராவது அடுத்தமுறை போனால் மேற்கே போகிற ரயிலிலும் ஒருநாள் ஏறவேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

2024 ஏப்ரலில் போனேன். நேப்பிள்ஸில் படிக்கிற மாணவி ஒருவர் மொழிபெயர்ப்புக்குக் கூட வந்தார். ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே பெரிய பள்ளம். சுற்றிலும் கம்பி வேலி. ஒரு பக்கம் காப்பிக்கடை, ஒரு பக்கம் ஸ்கூட்டர்கள். பள்ளத்துக்குள் செங்கல் அறைகளின் அடித்தளங்கள், நடுவில் வட்டமான மேடை, அதற்குப் பின்னால் மூன்று தூண்கள். ஒவ்வொன்றும் 12 மீட்டருக்கு மேல் உயரம். பச்சை வரி ஓடும் சிப்பொலினோ சலவைக்கல். இது ரோமானியர்களின் சந்தை. 1750-இல் தோண்டியபோது செராபிஸ் என்ற எகிப்தியத் தெய்வத்தின் சிலை கிடைத்ததால் கோயில் என்று நினைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்களின் வாயில் இன்றும் அது செராபிஸ் கோயில்தான்.

வேலியருகே நின்று அந்தத் தூண்களைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியிலிருந்து சுமார் 12 அடி வரை கல் வழுவழுப்பாக இருக்கிறது. அதற்கு மேல் சுமார் 9 அடிக்கு, மூன்று தூண்களிலும் ஒரே மட்டத்தில், கருத்த பட்டை ஒன்று ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அது முழுக்க ஓட்டைகள். விரல் நுழையும் அளவுக்கு, ஒன்றோடொன்று நெருங்கி, தேன்கூட்டைப்போல. அதற்கு மேலே மறுபடி சாதாரணமாக வெயில் மழை பட்ட கல்.

அந்த ஓட்டைகளைப் போட்டது ஒரு சிப்பி. கடல்நீருக்கடியில் சுண்ணாம்புக் கல்லில் குடியிருப்பது. பழுப்பு நிறம், பேரீச்சம்பழ வடிவம். இத்தாலியர்கள் அதைக் கடல் பேரீச்சை என்றே சொல்கிறார்கள். அது கல்லைச் சுரண்டுவதில்லை. உடலிலிருந்து ஒரு திரவத்தைச் சுரந்து கல்லைக் கரைத்து உள்ளே போகிறது. விரல் நீளம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். கடலில் மட்டுமே வாழும் அந்தச் சிப்பி, தரையிலிருந்து 20 அடி உயரத்தில் தூணுக்குள் எப்படி வந்து குடியிருந்தது?

இந்தக் கேள்வி ஐரோப்பாவின் பெரிய மூளைகளையெல்லாம் படுத்தியிருக்கிறது. 1787-இல் ஜெர்மன் கவிஞர் கதே வந்து பார்த்தார். எரிமலைச் சாம்பல் அடைத்து இந்த இடத்தில் குளம்போலக் கடல்நீர் தேங்கியிருக்கும் என்று பின்னால் எழுதினார். 1828-இல் நிலவியல் அறிஞர் சார்லஸ் லையல் வந்தார். அவர் வாதம் இது: கடல் ஏறியிருந்தால் மத்தியதரைக்கடல் முழுக்க ஏறியிருக்கவேண்டும். அதற்கு வேறெங்கும் தடயமில்லை. ஆகவே அசைந்தது கடலல்ல, தரை. சந்தை இருந்த நிலம் மெல்ல இறங்கியது. தூண்களின் அடிப்பகுதியை மண்ணும் சாம்பலும் மூடிக் காப்பாற்றின. அதற்கு மேலிருந்த பகுதியில் சிப்பிகள் குடியேறின. பிறகு நிலம் மறுபடி மேலே வந்தது. இத்தனையும் நடந்து மூன்று தூண்களும் விழவில்லை என்றால், அந்த அசைவு எவ்வளவு மெதுவாக இருந்திருக்கவேண்டும்! 1830-இல் வெளிவந்த தன் நிலவியல் கோட்பாடுகள் நூலின் முகப்புப் படமாக இந்த மூன்று தூண்களைத்தான் லையல் போட்டார். பீகிள் கப்பலில் ஏறிய இளைஞர் டார்வினோடு அந்த நூலின் முதல் தொகுதியும் போயிற்று. மலைகளும் உயிர்களும் மெல்ல மெல்ல மாறி உருவாகின்றன என்ற எண்ணம் உலகத்துக்குப் பழகியதில் இந்தச் சந்தைத் தூண்களுக்கும் பங்கு உண்டு.

ஏன் நிலம் இப்படி ஏறி இறங்குகிறது? அந்த வட்டாரத்துக்குக் காம்பி பிளெக்ரேயி, அதாவது எரியும் வயல்கள், என்று பெயர். நாம் நினைப்பதுபோல் கூம்பாக நிற்கும் எரிமலை அங்கே இல்லை. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த மாபெரும் வெடிப்பில் நிலமே உள்வாங்கிப் பெரிய வட்டில்போல ஆகிவிட்டது. பாதி வட்டில் கடலுக்குள், பாதி தரையில். ஊர், ரயில் பாதை, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் அந்த வட்டிலுக்குள்தான். அடியில் கொதிநீரும் வாயுவும் சேரும்போது தரை உப்புகிறது, வெளியேறும்போது அமுங்குகிறது. இதற்கு இத்தாலியர்கள் பிராதிசிஸ்மோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மெதுவான நிலநடுக்கம் என்று பொருள்.

எப்போதும் மெதுவாகவே இருந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1538 செப்டம்பர் இறுதியில் தரை வேகமாக உயர்ந்து கடல் பின்வாங்கியது. காய்ந்த கடல்தரையில் துள்ளிய மீன்களை மக்கள் கூடைகூடையாக அள்ளினார்கள் என்று அன்று பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்து நிலம் பிளந்து ஒரே வாரத்தில் ஒரு மலை முளைத்தது. த்ரிபெர்கோலே என்ற கிராமம் அதற்கடியில் போயிற்று. புதுமலை, மோந்தே நுவோவோ, என்ற பெயரோடு அது இன்றும் நிற்கிறது. உயரம் 133 மீட்டர். இப்போது பைன் மரங்கள் வளர்ந்து, காலையில் ஊர்க்காரர்கள் நடைப்பயிற்சி போகிறார்கள்.

இந்த எரிமலை அழித்ததை மட்டும் சொன்னால் நியாயமாகாது. அது கக்கிய சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும் என்பதை ரோமானியக் கொத்தர்கள் கண்டுகொண்டார்கள். கட்டடக்கலை நூல் எழுதிய விட்ருவியுஸ் இந்தப் பொடியை விவரிக்கிறார். புத்தேயோலியில் கடலுக்குள் நீண்ட அலைதடுப்பு மேடையைக் கட்டியது இதைக்கொண்டுதான். இன்றைய துறைமுகச் சுவர் அதன்மேல்தான் நிற்கிறது. நம் சிமெண்டில் அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் அந்த எரிமலைச் சாம்பலின் வேலையைச் செய்கிறது. பெயர் மட்டும் பழைய ஊருடையது.

அந்த மேடையில் வந்து அணைந்த கப்பல்களோடு நமக்கும் தொடர்புண்டு. ரோம் நகருக்கு அருகே பெரிய துறைமுகம் அமையும்வரை, எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து தானியமும் கிழக்கத்திச் சரக்கும் வந்து இறங்கியது இங்கேதான். தூரத்தில் அந்தக் கப்பல்களின் மேற்பாய் தெரிந்தாலே ஊர் திரண்டு துறைக்கு வந்துவிடும் என்று தத்துவஞானி செனெக்கா தன் கடிதம் ஒன்றில் எழுதுகிறார். அந்தச் சரக்கில் மிளகு முக்கியமானது. சேர நாட்டு முசிறியில் ஏற்றிய மிளகு, செங்கடல் கரையில் பெரெனிகே துறையில் இறங்கி, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, நைல் நதி வழியே அலெக்சாந்திரியா போய், அங்கிருந்து கடல்வழியே புத்தேயோலிக்கு வரும். யவனர் மரக்கலம் முசிறிக்கு வந்ததை அகநானூறு சொல்கிறது. அந்த வழியின் மறுமுனைகளில் ஒன்று இந்த ஊர். பெரெனிகேயில் தோண்டியவர்கள் செராபிஸ் கோயில் வளாகத்தில் இந்தியச் சாடி ஒன்றைக் கண்டார்கள். உள்ளே ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே இருந்தது.

எகிப்தியப் பாலைவனத்தில், வணிகர்கள் வெயிலுக்கு ஒதுங்கிய பாறை நிழலில், கி.பி. 6-இல் ஒருவன் தன் பெயரைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறான். லிசாஸ், புப்லியுஸ் அன்னியுஸ் ப்ளோகமுஸின் அடிமை. அந்த அன்னியுஸ் குடும்பத்தார் புத்தேயோலி வணிகர்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அன்னியுஸ் ப்ளோகமுஸிடமிருந்து விடுதலை பெற்ற ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறினார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருப்பது பலருக்கு நினைவிருக்கலாம்.

எதிர்த்திசையில் வந்ததும் உண்டு. முசிறி இருந்த இடமாகக் கருதப்படும் பட்டணம் என்ற ஊரில் கிடைத்த மதுச்சாடி ஓடுகளில் ஒரு வகையை உடைத்துப் பார்த்தால், மண்ணோடு மண்ணாகக் கருப்பாய் மின்னும் மணல் கலந்திருக்கிறது. நேப்பிள்ஸ் விரிகுடாவின் எரிமலை மணல். அந்த மணலை பொட்சுவோலிக் கரையில் நான் குனிந்து அள்ளிப் பார்த்தேன். கடுகைவிடப் பொடி, கை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் உதிரவில்லை. வரலாற்று நூல்களில் எத்தனையோ முறை யவன வணிகம் என்று படித்திருக்கிறேன். உள்ளங்கையில் அது உறுத்தியது அன்றுதான்.

ஊரில் பார்க்க இன்னும் நிறைய உண்டு. சுமார் 40,000 பேர் உட்கார்ந்து பார்த்த வட்டரங்கம் இருக்கிறது; மிருகக்கூண்டுகள் இருந்த அதன் நிலவறைகளுக்குள் இறங்கி நடக்கலாம். இசையமைப்பாளர் பெர்கொலேசி ஸ்தாபத் மாத்தெர் என்ற இசைப்படைப்பை முடித்துவிட்டு 1736-இல் 26 வயதில் கண்ணை மூடியது இந்த ஊர் மடத்தில். நடிகை சோபியா லோரன் சிறுமியாக வளர்ந்தது இங்கேதான். இவற்றை வழிகாட்டி நூல்கள் சொல்லும். நான் ரியோனே தெர்ராவுக்கு வருகிறேன்.

கடலை நோக்கி நீண்டிருக்கும் ஒரு பாறைக்குன்று; அதுதான் ரியோனே தெர்ரா. ஊரின் ஆதி இடம். கி.மு. 194-இல் ரோமானியர்கள் குடியேற்றம் அமைத்த இடம். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வாழ்ந்த குன்று. உச்சியில் தேவாலயம். 1964 மே மாதம் ஓர் இரவில் அந்த ஆலயம் தீப்பற்றியது. மேற்பூச்சு எரிந்து விழுந்தபோது உள்ளிருந்து சலவைக்கல் தூண்கள் வெளிப்பட்டன. ரோமானியர் கோயிலை இடிக்காமல் அதற்கு மேலேயே ஆலயத்தைப் பூசிக் கட்டியிருந்தார்கள். இன்று புதுப்பித்த ஆலயத்தில் அந்தத் தூண்களுக்கிடையே கண்ணாடிச் சுவர். பழைய கோயிலும் கிறிஸ்தவ ஆலயமும் ஒரே கூரைக்கடியில், ஒன்று மற்றொன்றை மறைக்காமல் நிற்கின்றன. 2014-இல் மறுபடி வழிபாட்டுக்குத் திறந்தார்கள்.

ஆனால் குன்றில் குடியிருந்தவர்கள் இல்லை. 1970-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி. அதற்கு முந்தைய மாதங்களில் தரை வேகமாக உயர்ந்திருந்தது. அன்று காலை காவலர்களும் ராணுவ வீரர்களும் குன்றுக்கு ஏறி வந்து எல்லோரையும் உடனே கிளம்பச் சொன்னார்கள். சுமார் 3,000 பேர். மீனவர்கள், கூலிக்காரர்கள், கைத்தொழிலாளிகள். மெத்தையையும் பாத்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு குழந்தைகளோடு இறங்கினார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் பலர் நினைத்தார்கள். யாரும் திரும்பவில்லை. எரிமலை வெடிக்கவும் இல்லை. வேறு பகுதிகளில் புதுக் குடியிருப்பு கட்டிக்கொடுத்தார்கள். கடலுக்குப் பத்தடியில் வாழ்ந்தவர்கள் கடல் இல்லாத அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். நிலத்துக்குப் பயந்து எங்களை இறக்கினார்களா, நிலத்தின்மேல் ஆசைப்பட்டு இறக்கினார்களா என்ற கேள்வி ஊருக்குள் அரை நூற்றாண்டாக அடங்கவில்லை.

இன்று குன்றில் நடந்துபோனால் எல்லாம் அழகாக இருக்கிறது. மஞ்சளும் இளஞ்சிவப்பும் பூசிய வீடுகள். கழுவிவிட்டதுபோலத் தெரு. அடியில் தோண்டி ரோமானியத் தெருவையே கண்டெடுத்திருக்கிறார்கள். மாவரைத்த எந்திரக்கல்லோடு ரொட்டிக்கூடம், கடைகள், அடிமைகளை அடைத்த அறைகள் எல்லாம் நிலத்தடியில் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு மேலே வந்தபோது எனக்கு ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. நேப்பிள்ஸ் பக்கம் எந்தச் சந்துக்குள் போனாலும் தலைக்கு மேலே துணி காயும். யாராவது மாடியிலிருந்து யாரையாவது கூப்பிடுவார்கள். வெங்காயம் வதங்கும் வாசம் வரும். இங்கே ஒரு பால்கனியிலும் துணி இல்லை. ரொட்டிக்கூடம் கிடைத்திருக்கிறது, ரொட்டி வாங்க ஆள் இல்லை. கல்லைக் காப்பாற்ற இத்தனை அறிவையும் பணத்தையும் செலவிட்டவர்கள், 3,000 பேரில் முந்நூறு பேரையாவது திரும்பக் குடியேற்றியிருக்கலாம். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். மரபுச் சின்னம் என்று சொல்லி நம் ஊர்களிலும் கோயில் வீதிகளிலிருந்து மனிதர்களை அப்புறப்படுத்துகிறோம். அங்கே நின்றபோது எனக்கு அந்த முகங்களும் நினைவுக்கு வந்தன.

நிலம் அத்தோடு நிற்கவில்லை. 1982-க்கும் 1984-க்கும் இடையே மறுபடி 1.8 மீட்டர் உயர்ந்தது. சுமார் 40,000 பேர் வீடு மாறினார்கள். மோந்தெருஷெல்லோ என்ற புதுநகரையே அதற்காகக் கட்டினார்கள். பிறகு இருபது ஆண்டுகள் தரை மெல்லத் தணிந்தது. 2005-லிருந்து மறுபடி ஏறுகிறது. இதுவரை ஏறியது ஒரு மீட்டருக்கும் மேல்.

அதைக் கண்ணால் பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. துறைமுகத்துக்கு அருகே தார்செனா என்று சிறிய மீன்பிடித் துறை இருக்கிறது. நான் போனபோது அதன் உள்பக்கம் தண்ணீரே இல்லை. சேற்றில் சாய்ந்து கிடந்தன படகுகள், நீலமும் வெள்ளையுமாக. துறைச் சுவரில் தண்ணீருக்கு மேலே ஒரு முழத்துக்கு மேல் வெள்ளைப் பட்டை. கிட்டப்போய்ப் பார்த்தால் செத்துக் காய்ந்த சிப்பிகள். தொட்டால் நொறுங்கிக் கையில் மாவாகிறது. செராபிஸ் தூணில் பார்த்த அதே பட்டை, இங்கே நேற்று எழுதியதுபோல.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் மாணவி என்னை அறிமுகப்படுத்தினார். "ஐயா, உங்கள் காலத்தில் தண்ணீர் எதுவரை இருந்தது?" என்று கேட்டேன். வலையை மடியைவிட்டு இறக்கிவைத்து எழுந்துவந்து, சுவரில் பதித்த ஓர் இரும்பு வளையத்தைக் காலால் தொட்டுக் காட்டினார். "படகில் நின்றபடியே இதில் கயிறு கட்டுவேன். இப்போது என் பேரன் ஏணி வைத்து ஏறிக் கட்டுகிறான்" என்றார். ஊரைவிட்டுப் போக நினைத்ததில்லையா என்று கேட்டதற்கு, "83-இல் போனேன். அங்கே மாடியில் படுத்தால் தரை அசையவில்லை, ஆனால் தூக்கம் வரவில்லை. திரும்பிவிட்டேன்" என்றார். பிறகு வலைக்குப் போய்விட்டார்.

நான் ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். மே 20 இரவு அங்கே 4.4 அளவில் நடுக்கம்; அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் அதுவே பெரிது. சுவர்களில் விரிசல் விழுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியேறவேண்டி வந்தது. 2025-இல் 4.6 அளவிலும் வந்தது. 1841-இல் தொடங்கிய வெசூவியோ ஆய்வகம் இரவும் பகலும் அளந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்து என்ன என்பதை அவர்களும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று மாணவியிடம் கேட்டு எழுதினேன். வலையோடு துறையில்தான் இருக்கிறார் என்று பதில் வந்தது.

பெரியவரைப் பார்த்த அன்று மாலை நாங்கள் உள்ளூர் ரயிலில் திரும்பினோம். கூட்டம் இல்லை. எதிரில் ஓர் அம்மா காலடியில் பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பை முழுக்க நெத்திலி. ரயில் கிளம்பும் நேரம் ஜன்னல் கண்ணாடி கிர்ரென்று அதிர்ந்தது. கீழே கனத்த லாரி போனதுபோல ஒரு தள்ளல், இரண்டு விநாடிக்கும் குறைவு. நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியில் யாரும் எழவில்லை. அந்த அம்மா மட்டும் தலையைச் சற்றுச் சாய்த்து, பாலில் தண்ணீர் எவ்வளவு என்று ருசி பார்ப்பவரைப்போல யோசித்தார். "இரண்டரை" என்றார்.

தண்டவாளத்தைப் பரிசோதிக்கவேண்டும் என்று ரயிலை நிறுத்திவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாணவியின் கைப்பேசியில் ஆய்வகம் கணித்த அளவு வந்தது. அந்த அம்மா சொன்னதிலிருந்து ஒரு தசமப் புள்ளிதான் விலகியிருந்தது. மாணவி கைப்பேசியைத் திருப்பிக் காட்ட, அந்த அம்மா பார்த்துத் தலையசைத்துவிட்டு, பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.